படம் அழகாக வருகிறது, கதை வரவில்லை: ஒரு டிசைன் மாணவிக்குப் பதில்

சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வருடமாகத் தினமும் டேப்லெட்டில் வரைகிறாராம். முகம், உடை, தலைமுடி எல்லாம் நன்றாகவே வருகிறது. ஆனால் ஆசிரியர்கள் உட்கார்ந்து வேலையை மதிப்பிடும் செமஸ்டர் ஜூரியில், "படம் அழகா இருக்கு, கதை எங்கம்மா?" என்று கேட்டுவிட்டார்கள். எந்த மென்பொருளுக்கு மாறுவது, ஆன்லைன் கோர்ஸ் ஏதாவது சேரலாமா, வீட்டில் ஐபேட் கேட்கலாமா, கதை சொல்வதை எங்கிருந்து தொடங்குவது என்று நான்கு கேள்விகள்.

குழந்தைகள் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் பல வருடங்களாகப் படம் வரைகிறவன், கொஞ்ச காலமாக மாணவர்களுக்குச் சொல்லியும் தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான்காவது கேள்விதான் உங்கள் கேள்வி. மற்ற மூன்றையும் முதலில் சீக்கிரம் முடித்துவிடலாம்.

கையில் ஐபேட் இருந்தால் புரோகிரியேட் போதும். ஒரு தடவை பணம் கட்டினால் சரி, மாதச் சந்தா கிடையாது. விண்டோஸ் லேப்டாப் என்றால் கிரிட்டா. முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள், ஓவியர்களுக்காகவே செய்தது. பக்கம் பக்கமாகக் காமிக்ஸ் போடப் போகிறீர்கள் என்றால் கிளிப் ஸ்டுடியோ பெயிண்டில் கட்டம் பிரிப்பதும் வசன பலூன் போடுவதும் சுலபம். போட்டோஷாப் கல்லூரி லேபில் இருக்கும், அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். ஐபேட் கேட்டு வீட்டில் சண்டை போட வேண்டாம். திரை இல்லாத சாதாரணப் பேனா டேப்லெட் 5000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. கை மேசையில், கண் திரையில் என்பதால் முதல் இரண்டு வாரம் கோடு எங்கேயோ போகும். அப்புறம் பழகிவிடும். பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் (பேனாவை அழுத்துவதை எத்தனை படிகளாக அளக்கும் என்பது) என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். 2048 உள்ளதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் உங்களால் உணர முடியாது.

எந்த மென்பொருளானாலும் லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி), கிளிப்பிங் மாஸ்க் (கீழ் லேயரின் வடிவத்துக்குள்ளேயே வண்ணத்தை நிறுத்துவது), மல்டிப்ளை (கீழே உள்ளதைக் கருமையாக்கி நிழல் போடுவது), லாஸோ (கையால் சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுப்பது), அளவு மாற்றும் கருவி, இந்த ஐந்தும் தெரிந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். மீதியைத் தேவை வரும்போது தேடிக்கொள்ளலாம். இதற்கென்று காசு கொடுத்துக் கோர்ஸ் சேர வேண்டியதில்லை. ஒரு நல்ல வழி சொல்கிறேன். பிரான்ஸைச் சேர்ந்த டேவிட் ரெவ்வா என்ற ஓவியர் கிரிட்டாவில் வரையும் தன் இணையக் காமிக்ஸின் மூலக் கோப்புகளை லேயர்களோடு அப்படியே இலவசமாகத் தருகிறார். ஒரு பக்கத்தை இறக்கி, லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் பாருங்கள். கோடு எங்கே நின்றது, நிழல் எங்கே தொடங்கியது, வானம் எத்தனை லேயர் என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். பத்து வீடியோ பார்ப்பதைவிட இது மேல்.

சரி, இப்போது கதைக்கு வருவோம்.

என் மாணவர்களுக்கு முதலில் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு வெளியூர்ப் பேருந்து. பெரியவர் ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட் 65 ரூபாய். அவர் 200 ரூபாய் நோட்டை நீட்டுகிறார். சில்லறை இல்லை என்று கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் 135 என்று எழுதிக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விடுகிறார். பெரியவர் இறங்குவதற்குள் அந்த 135 வருமா? வசனம் இல்லாமல் எட்டுக் கட்டங்களில் வரைய வேண்டும்.

தமிழ்நாட்டில் பேருந்து ஏறிய யாருக்கும் இந்தத் தவிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும், கிட்டத்தட்ட எல்லோரும் முதல் தடவை ஒரே மாதிரிதான் வரைகிறார்கள். ஒன்று, பெரியவர் பேருந்தில் ஏறுகிறார். இரண்டு, உட்காருகிறார். மூன்று, கண்டக்டர் வருகிறார். நான்கு, டிக்கெட் வாங்குகிறார். ஐந்து, ஜன்னலில் வேடிக்கை பார்க்கிறார். ஆறு, மீதி கேட்கிறார். ஏழு, கண்டக்டர் தருகிறார். எட்டு, சிரித்தபடி இறங்குகிறார். எட்டுக் கட்டத்திலும் இரண்டு பேரும் இடுப்பு வரை, பக்கவாட்டில், ஒரே தூரத்தில். நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது. தவிப்பு மட்டும் எங்கேயும் இல்லை. உங்கள் ஜூரியில் அவர்கள் தேடியதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இதையே இப்படி வரைந்து பாருங்கள். ஏறுவதும் உட்காருவதும் வேண்டாம். முதல் கட்டம் முழுக்க டிக்கெட்டின் பின்பக்கம், பேனா முனை, 1, 3 எழுதியாயிற்று, 5 இன்னும் பாதி. அவ்வளவுதான். இரண்டாவது கட்டத்தில் கேமரா பேருந்தின் கடைசியில் இருக்கிறது. இந்தப் பக்கம் பெரியவரின் பின்னந்தலை, அந்தக் கோடியில் சுண்டுவிரல் அளவுக்குக் கண்டக்டர், நடுவில் முப்பது தலைகள், கம்பியைப் பிடித்த கைகள், மேலே தொங்கும் பைகள். பெரியவர் கண்டக்டரை எட்ட முடியாது என்று எழுத வேண்டியதே இல்லை, அந்தத் தூரமே சொல்லிவிடும். மூன்றாவதில் டிக்கெட்டை அழுத்திப் பிடித்த கட்டைவிரல், வியர்வையில் சுருண்ட காகித ஓரம். நான்காவதில் ஜன்னலுக்கு வெளியே அவருக்குத் தெரிந்த அடையாளம் ஏதாவது ஒன்று: ரைஸ் மில், கோயில் வளைவு, தண்ணீர்த் தொட்டி. அவர் இடுப்பு சீட்டை விட்டு ஒரு சாண் எழும்பியிருக்கிறது. ஐந்தாவதில் கண்டக்டர் டிரைவரோடு ஏதோ பேசிச் சிரிக்கிறார். ஆனால் கட்டத்தில் பெரிதாகத் தெரிவது அவர் முகம் இல்லை, அவர் அக்குளில் தொங்கும் தோல் பை. பெரியவரின் கண்ணுக்கு இப்போது அந்தப் பையைத் தவிர வேறு எதுவும் தெரியாது, அதனால் நமக்கும் தெரியக் கூடாது. ஆறாவதில் பேருந்து நிற்கிறது. கூட்டத்துக்கு மேலே டிக்கெட்டோடு ஒரு கை. ஏழாவதில் நாம் வெளியே இருக்கிறோம். பெரியவர் ரோட்டில் நிற்கிறார், பேருந்து நகரத் தொடங்கிவிட்டது, புழுதி. எட்டாவதில் ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டிருக்கிறது. கண்டக்டர்கள் நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகி வைத்திருப்பார்களே, அதே மாதிரி, விரலிடையில் மடித்த நோட்டுகள்.

கவனித்தீர்களா, இரண்டாவது வரைவில் ஓவியத்திறமை எதுவும் கூடவில்லை. முதல் வரைவை வரைந்த அதே கைதான். மாறியது இரண்டு விஷயம்: எந்த நொடியை வரைவது, எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பது. இந்த இரண்டு முடிவுகளையும் திரையைத் திறப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் தினமும் வரைந்திருக்கிறீர்கள், நல்ல உழைப்பு. ஆனால் அந்த முந்நூற்றுச் சொச்சம் படங்களில் எத்தனை படத்துக்கு, வரையும் முன் "ஏன் இந்த நொடி?" என்று உங்களையே கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நொடியைத் தேர்வதற்கு இன்னொரு சின்ன உதாரணம். பையன் பால் பாத்திரத்தைத் தட்டிவிடுகிறான். பால் தெறிக்கும் நொடியை வரையலாம். பாத்திரம் சாய்ந்து, விழாமல், பையனின் கை காற்றில் நிற்கும் நொடியை வரையலாம். பால் முழுக்கத் தரையில் பரவி, அதன் ஓரத்தில் அம்மாவின் கொலுசுப் பாதம் வந்து நிற்கும் நொடியையும் வரையலாம். பெரும்பாலானவர்கள் முதலாவதை வரைவார்கள், அதுதான் கண்ணைப் பறிக்கும். ஆனால் பார்ப்பவருக்கு அதில் செய்ய வேலையே இல்லை. மற்ற இரண்டிலும் அவர் மனதில் அடுத்த படத்தை அவரே வரைந்துவிடுகிறார். எந்த நொடி என்பது கதைக்குக் கதை மாறும். மூன்றையும் வரைந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இடைவெளி. பேருந்துக் கதையில் ஏழாவது கட்டத்துக்கும் எட்டாவதுக்கும் நடுவில்தான் கதையின் உயிர் இருக்கிறது. புத்தகத்தில் இந்த இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் வந்தால் போச்சு, புரட்டியவுடன் கண் எட்டாவதைப் பார்த்துவிடும். ஏழாவது வலப்பக்கத்தில் கடைசியாக வர வேண்டும். வாசகர் தாளைப் புரட்டும் அந்த ஒரு கணம் அவரும் ரோட்டில் நிற்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் போடுகிறீர்கள் என்றால் விரலால் தள்ளும் அசைவுதான் உங்கள் தாள். மேலிருந்து கீழே ஓடும் வெப்டூன் வடிவம் என்றால் இரண்டு கட்டத்துக்கும் நடுவே நிறைய வெற்றிடம் விடுங்கள், விரல் நகர நகர நேரம் ஓடும். அச்சுக்கு வரைந்ததை அப்படியே போனில் போட்டால் கதை சப்பென்று போவது இதனால்தான்.

இந்த முடிவுகளையெல்லாம் எடுக்க நான் டேப்லெட்டைத் தொடுவதே இல்லை. பழைய நோட்டு, பால்பாயிண்ட் பேனா, தீப்பெட்டி அளவில் கட்டங்கள். எட்டுக் கட்டக் கதைக்குக் குறைந்தது நாற்பது குட்டிப் படங்கள். ஆட்கள் எல்லாம் குச்சி மனிதர்கள். தீப்பெட்டி அளவில் கண் இமை வரைய முடியாது, அதனால் மனம் அமைப்பை மட்டும் யோசிக்கும். டேப்லெட்டில் இரண்டு விரலால் பெரிதாக்கி உள்ளே போய்விட்டால் ஒரு மணி நேரம் ஒரு கண்ணிலேயே போய்விடும், வெளியே வந்து பார்த்தால் கட்டமே தப்பு. பேனாவால் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அழிக்க முடியாது, பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். அப்படித்தான் நாற்பது வரும்.

இதையெல்லாம் எங்கே போய்ப் பார்த்துக் கற்பது என்றால், பக்கத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் போங்கள். அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்களே, அந்தப் பெரிய பாறை. மேலே எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் செய்யும் மனிதர். கீழே, யானைகளுக்குப் பக்கத்தில், ஒரு பூனை பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு அதே தவத்தில். அதன் காலடியில் எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரே தோரணையை இரண்டு உடம்பில் வைத்தார், அவ்வளவுதான். நம் கண் மேலும் கீழும் போய் வந்து, தானே ஒப்பிட்டு, தானே சிரிக்கிறது. அங்கே செல்பி எடுக்கும் கூட்டத்தில் நின்று ஒரு மணி நேரம் அந்தப் பூனையை மட்டும் வரைந்து வாருங்கள். ஒரு வடிவத்தைத் திரும்ப வைப்பதால் என்ன நடக்கிறது என்பது கைக்குப் புரியும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்து 1930களின் தொடக்கத்தில் வெளிவந்தவை. அதில் சுந்தரர் கதை ஒரே சுவரில் ஓடுகிறது. ஓரிடத்தில் கல்யாண வீட்டில் கிழவர் வேடத்தில் சிவன் ஓலையை நீட்டி வழக்காடுகிறார். மேலே வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகிறார்கள். நடுவில் கட்டம் போட்ட கோடு எதுவும் கிடையாது. ஒரே ஆள் ஒரே சுவரில் வெவ்வேறு வயதில் வருகிறார், நாம் குழம்புவதே இல்லை. ஏனென்றால் கூட்டம் திரும்பி நிற்கும் திசை நம் கண்ணை அடுத்த காட்சிக்குத் தள்ளிவிடுகிறது. நல்ல நிழற்படங்கள் புத்தகங்களில் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்துவைத்து, எந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அம்புக்குறி மட்டும் போட்டுப் பாருங்கள். முழுப்பக்கக் காட்சி வரையும்போது நான் இன்றும் இந்த அம்புக்குறி வேலையைச் செய்கிறேன்.

அப்புறம் நம் பத்திரிகை ஓவியர்கள். மணியம் 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் தொடருக்கு வாராவாரம் வரைந்தார். அந்த வேலையின் கஷ்டம் என்ன தெரியுமா? வாசகர் புரட்டியதும் முதலில் பார்ப்பது படத்தைத்தான். படம் ஆசையைக் கிளப்ப வேண்டும், ஆனால் அந்த வாரத்தின் ரகசியத்தை உடைத்துவிடக் கூடாது. நான் மேலே சொன்ன நொடித் தேர்வை ஒவ்வொரு வாரமும், கெடுவுக்குள், திருத்த நேரமில்லாமல் செய்ய வேண்டும். கோபுலுவின் வசனமில்லாத நகைச்சுவைப் படங்களைப் பாருங்கள், இடைவெளி என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது. சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிற்பங்களை வரைந்தவர். அவர் கோட்டில் கல்லின் கனம் தெரியும். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் இருக்கின்றன. ஒரு தொடர்கதை அத்தியாயத்தைப் படத்தைப் பார்க்காமல் முதலில் படியுங்கள். நீங்களாக இருந்தால் எந்த நொடியை வரைவீர்கள் என்று ஒரு தம்ப்நெயில், அதாவது நான் சொன்ன தீப்பெட்டி அளவுக் குட்டிப் படம், போடுங்கள். அதன் பிறகு ஓவியர் என்ன தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். பத்து அத்தியாயத்துக்கு இதைச் செய்தால் ஒரு செமஸ்டர் வகுப்புக்குச் சமம்.

வரைதிறன் பற்றிக் கொஞ்சம். உங்கள் கதாபாத்திரங்கள் அழகாக இருப்பதாகச் சொன்னீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். ஆளை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிடுங்கள். வெறும் நிழலைப் பார்த்து அவர் கோபமாக இருக்கிறாரா, களைத்திருக்கிறாரா என்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் உணர்ச்சி முழுவதும் முகத்திலேயே இருக்கிறது, உடம்பு சும்மா நிற்கிறது. இதற்கு மருந்து ஸ்கெட்ச்புக்கோடு வெளியே போவதுதான். கோயம்பேடு பேருந்து நிலையத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து தூங்குகிறவர் முதுகு எப்படி வளைகிறது, பூக்காரம்மா முழம் போடும்போது முழங்கை எங்கே போகிறது, போனில் கடன்காரரோடு பேசுகிறவர் எந்தக் காலில் கனத்தைப் போடுகிறார். முப்பது விநாடிக்குள் ஒருவர். இணையத்தில் கிடைக்கும் போஸ் படங்களில் எல்லோரும் ஜிம்முக்குப் போனவர்கள், நம் ஊர் ஆட்களின் நிற்கும் விதம் அதில் இருக்காது. வேட்டியை மடித்துக் கட்டியவரின் நடைக்கும் ஜீன்ஸ் போட்டவரின் நடைக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள்தான் நேரில் பார்த்து எடுக்க வேண்டும்.

வண்ணத்தில் ஒரே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் போதும். எல்லா லேயர்களுக்கும் மேலே ஒரு லேயரைக் கறுப்பால் நிரப்பி, அதன் பிளெண்டிங்கை (கீழே உள்ள லேயர்களோடு கலக்கும் விதத்தை) 'கலர்' என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அந்த நிலையிலும் முக்கியமான ஆள் பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். பேருந்துக் கதையில் நான் வண்ணத்தை ஒரே ஓர் இடத்தில் வைத்தேன்: டிக்கெட். மற்றதெல்லாம் வெளிறிய பழுப்பும் சாம்பலும். எட்டுக் கட்டத்திலும் கண் அந்தச் சின்னத் துண்டைத் தேடிக்கொண்டே போகும்.

இப்போது பலரும் கவனிக்காத, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயம்: தமிழ் எழுத்து. காமிக்ஸ் பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்துக்காக எழுதியவை. அந்த அளவில் பலூன் வரைந்துவிட்டு அதில் "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்று எழுதிப் பாருங்கள், ஒரே சொல் பலூனைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் வசனத்தை முதலில் எழுதுங்கள், கட்டத்தில் அதை வைத்துப் பாருங்கள், மீதி இடத்தில் படத்தை அமையுங்கள். தமிழுக்குப் பலூன் உயரத்தைவிட அகலம் கூடுதலாக இருக்க வேண்டும். பேச்சு வழக்கில் எழுதினால் சொல்லும் சுருங்கும், ஆளும் உயிர் பெறுவார்: "போயிட்டிருக்காங்க". நம் எழுத்தில் கீ, றி மாதிரி மேலேயும் கு, ழு மாதிரி கீழேயும் கொம்பும் சுழியும் வரும். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி வைத்தால் மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

போட்டோஷாப்பில் தமிழ் தட்டினால் கொம்பு இடம் மாறி விழுகிறது என்று பல மாணவர்கள் தமிழையே விட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். கொஞ்சம் பழைய பதிப்பு என்றால் அமைப்புகளில் டைப் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை 'வேர்ல்டு ரெடி' என்று மாற்றுங்கள். இன்னும் பழைய பதிப்புகளில் மத்திய கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கு என்று இருக்கும். மாற்றியபின் சரியாக வரும். எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் பாலு தம்பி, முக்தா மலர், கவிவனார், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் இலவசம், திறந்த உரிமத்தில் இருப்பதால் புத்தகத்திலும் பயன்படுத்தலாம். ஆனால் ஒலிச் சொற்களுக்கு எழுத்துரு போடாதீர்கள், கையால் வரையுங்கள். சடசட, கடகட, மடமட, நறநற என்று இரட்டைக்கிளவி வைத்திருக்கும் மொழி நம்முடையது. மழைக்குச் சடசடவை எழுதும்போது எழுத்தின் கால்களைச் சாய்த்து இழுத்தாலே மழை பெய்துவிடும். தொம் என்று மூட்டை விழும்போது அந்த 'தொ'வின் அடிப்பாகம் தரையில் அமுங்கட்டும். ஆங்கிலத்திலிருந்து பூம், கிராஷ் எல்லாம் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

அச்சு பற்றி ஓர் அனுபவம். ஆரம்ப காலத்தில் ஒரு புத்தகத்துக்கு ராத்திரிக் காட்சி வரைந்தேன். கிணற்றடி, நிலா வெளிச்சம், ஆழ்ந்த நீலம். நீலத்துக்குள் நீலமாக ஒரு பூனை, ஒரு வாளி, ஒரு பாட்டி. திரையில் பார்க்க நிஜமாகவே அழகாக இருந்தது. அச்சாகி வந்தபோது நீலம் கத்தரிப்பூ நிறமாகியிருந்தது, பாட்டியைக் காணவில்லை. கதையே பாட்டியைப் பற்றியது. பல நூறு பிரதிகளில் அப்படியே போனது, இப்போதும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் வலிக்கும். தப்பு என்னுடையதுதான். திரை தன் வெளிச்சத்தில் ஒளிர்வது, ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளி. தாளில் இருப்பது மை, சிஎம்ஒய்கே, அதாவது சியான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு. திரையில் பளபளக்கும் நீலமும் பச்சையும் மையில் கிடைக்காது, இருட்டுப் பகுதிகள் இன்னும் இருட்டாகும். அச்சுக்குப் போகும் படத்தைத் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே முன்னோட்டத்தில் பாருங்கள், முக்கியமான ஒரு பக்கத்தைத் தெருமுனை டிஜிட்டல் பிரிண்ட் கடையிலாவது எடுத்துப் பாருங்கள். ஏ4 பக்கம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல், அதற்குக் குறைந்து தொடங்காதீர்கள். வெட்டும் ஓரத்துக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள். இரண்டு பக்கம் சேரும் நடு மடிப்பில் யார் முகமும் வரக் கூடாது.

படங்களை இப்போது கணினியே சில நொடிகளில் போட்டுத் தருகிறதே, இதையெல்லாம் கற்க வேண்டுமா என்று வகுப்பில் கேட்கிறார்கள், நீங்களும் யோசித்திருப்பீர்கள். பேருந்துக் கதையை அதனிடம் கேட்டுப் பார்த்தேன். பெரியவரும் பேருந்தும் மினுமினுவென்று வந்தார்கள். டிக்கெட்டின் பின்னால் எழுதித் தரும் பழக்கத்தையும், விரலிடுக்கில் மடித்த நோட்டையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத் தெரிந்ததற்குக் காரணம், அந்தப் பேருந்தில் நான் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். மாணவப் பருவத்தில் அந்த உட்கார்ந்து வரையும் வேலையை யாருக்கும் எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்த செமஸ்டருக்கு என்ன செய்யலாம் என்றால், பெரிய கிராஃபிக் நாவல் எதையும் தொடங்காதீர்கள். முப்பது பக்கத்தோடு நின்றுபோன நாவலால் ஒரு பயனும் இல்லை. எட்டுக் கட்டத்தில் முழுதாக முடிந்த கதை, இரண்டு வாரத்துக்கு ஒன்று. சொந்தமாகக் கதை எழுத வரவில்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் தமிழ்க் கதைகள் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, ஏற்கெனவே இருக்கும் படங்களைப் பார்க்காமல், உங்கள் தம்ப்நெயில்களைப் போடுங்கள். போர்ட்ஃபோலியோவில் முடிந்த படத்தோடு அந்தத் தம்ப்நெயில் பக்கத்தையும் வையுங்கள். வேலை கொடுப்பவர்கள் அதைத்தான் நின்று பார்க்கிறார்கள்.

முதல் வேலை வரும்போது ஒன்றை மறக்காதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் படத்தின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் 5 வருடம், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டு வரிகளையும் தேடிப் படியுங்கள்.

கடைசியாக, வரைந்ததை யாரிடம் காட்டுவது என்பது. சக மாணவர்களிடம் காட்டினால் பிரஷ் பேர் கேட்பார்கள். படம் வரையாத ஒருவரிடம் காட்டுங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அவரே கதையைச் சொல்லட்டும். போன வருடம் ஒரு மாணவி தன் பேருந்துக் கதையை அத்தையிடம் காட்டினாள். அத்தை முதல் கட்டத்தைப் பார்த்ததும், "இது பஸ் டிக்கெட்தான, பாக்கி எழுதிக் குடுத்திருக்கான்" என்றாராம். நாலாவது வரை சரியாக வந்தவர் ஐந்தாவதில் நின்றுவிட்டார். "இந்த ஆளு யாருடி, பஸ்ஸு ஓனரா?" கண்டக்டரின் சிரித்த முகத்தை அவள் அவ்வளவு ஆசையாக வரைந்திருந்தாள், பை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. அன்றைக்கு ராத்திரியே அந்தக் கட்டத்தை மாற்றினாள், முகம் பாதி வெட்டுப்பட்டு, பை நடுவுக்கு வந்தது. மறுநாள் காலையில் மறுபடி அத்தையிடம். இந்தத் தடவை ஏழாவது கட்டத்தில் அத்தை போனைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஐயையோ, காசு வாங்கலியே" என்று சொல்லிக்கொண்டே விரலால் தள்ளினார்.